ரீமிக்ஸுக்குக் குரல் தடம்: பிரித்தெடுப்பதா, கேட்டு வாங்குவதா?

மொட்டைமாடி_இசை: ஒரு பழைய பாட்டின் குரலை மட்டும் ஸ்ப்ளீட்டர் மென்பொருளில் பிரித்து, புதிய தாளம் கோத்து ரீமிக்ஸ் செய்தேன். நண்பர் "இது திருட்டு" என்கிறார். டீசர் (Deezer) என்ற இணைய இசைச் சேவை நிறுவனம் 2019இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் இது. பயன்படுத்தினால் என்ன தவறு?

இசைத்தட்டுப்_பிரியன்: அரிவாள் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அடுத்தவர் வயலில் அறுக்க முடியாது, நண்பரே. மென்பொருள் இலவசம், பாட்டு இலவசம் அல்ல. மெட்டுக்கும் வரிக்கும் உரிமை தனி, ஒலிப்பதிவுக்கு உரிமை தனி. இரண்டையும் கேட்க வேண்டும்.

மொட்டைமாடி_இசை: யாரைக் கேட்பது? பெரிய நிறுவனங்கள் என்னைப் போன்றவருக்குப் பதிலே போடுவதில்லை. ரீமிக்ஸ் கலையே அனுமதி இல்லாமல் வளர்ந்ததுதானே! 12 அங்குல இசைத்தட்டுகளில் வந்த அகப்பெல்லாவை, அதாவது வாத்தியமில்லாத வெறும் குரலை, எடுத்து எத்தனை பேர் புதுப் பாட்டு செய்தார்கள்!

இசைத்தட்டுப்_பிரியன்: அந்தத் தட்டுகளில் ஒன்றின் கதையைக் கேளுங்கள். 1980இல் லொலேட்டா ஹாலோவே 'லவ் சென்சேஷன்' பாடினார். 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு அந்தக் குரலை வெட்டி ஒட்டி 'ரைடு ஆன் டைம்' (Ride on Time) செய்தது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். தொண்டை கிழியப் பாடியவர் பெயர் தட்டில் இல்லை. மேடையில் வாயசைத்தவர் ஒரு மாடல் அழகி. வழக்கறிஞர்களை வைத்துப் போராடிய பிறகுதான் ஹாலோவேக்குப் பணம் கிடைத்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பாட்டை என்னால் மகிழ்ச்சியோடு கேட்க முடியவில்லை.

கலவை_மேசை: உரிமை ஒருபுறம் இருக்கட்டும், காதுக்கு வருகிறேன். பிரித்தெடுத்த குரலில் 'ச', 'ஸ' ஒலிகளோடு சிம்பல் என்ற டிரம்ஸ் தட்டின் ஓசைச் சிதறல் ஒட்டிக்கொண்டே வரும். எதிரொலியின் வால் அறுந்துபோகும். அதே பதிவின் குரலில்லாத வாத்திய வடிவம் கிடைத்தால், அதையும் முழுப் பாட்டையும் எடுத்து, இரண்டையும் நூல் பிசகாமல் பொருத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்குங்கள். வாத்தியம் வாத்தியத்தை அழித்துவிடும், குரல் மிஞ்சும். ஆனால் எம்பி3 கோப்புகளில் இது சுத்தமாக வராது. வேறு யாரோ புதிதாக வாசித்த கரோக்கேயில் வரவே வராது.

மொட்டைமாடி_இசை: என் பதிவிலும் அந்தச் சிதறல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நேர்வழியில் நல்ல குரல் எங்கே கிடைக்கும்?

கலவை_மேசை: 2008இல் ரேடியோஹெட் குழு 'நியூட்' பாடலைக் குரல், டிரம்ஸ், கிதார் என ஐந்து தடங்களாகப் பிரித்து ஐடியூன்ஸ் இணையக் கடையில் விற்றது. ரீமிக்ஸ் போட்டிகளிலும் இப்படித் தடங்கள் தருவார்கள். சிசிமிக்ஸ்டர் தளத்தில் பாடகர்களே குரலைப் பதிவேற்றுகிறார்கள். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்துவிட்டு இறக்குங்கள்.

இசைத்தட்டுப்_பிரியன்: உங்கள் ஊரிலேயே பாடத் தெரிந்தவர் இருப்பார். கூலி கொடுத்துப் பாடவையுங்கள், எழுதி வாங்குங்கள். பழைய மெட்டானால் அதற்கு மட்டும் தனி அனுமதி தேவை.

மொட்டைமாடி_இசை: வீட்டில் அமர்ந்து பழகுவதற்காகப் பிரிப்பதைத் திருட்டு என்று சொன்னால் இப்போதும் ஏற்க மாட்டேன். அப்படிப் பிரித்துத்தான் பாட்டின் கட்டுமானத்தையே கற்றேன். ஆனால் இந்த ரீமிக்ஸை வெளியிடப் போவதில்லை. பாடியவர் யார் என்று நண்பர் கேட்டபோது எனக்குப் பெயர் தெரியவில்லை. அது உறுத்துகிறது.

இசைத்தட்டுப்_பிரியன்: பாட்டின் முதல் வரியை இங்கே எழுதுங்கள். என் அலமாரியில் தட்டு இருந்தால் உறையைப் பார்த்துப் பெயரைச் சொல்கிறேன்.