ஏடிஎம் அட்டையை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்திலிருந்து செவிலியர் பணிக்காக இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் சகோதரிகளுக்கும், ஊரில் தங்கிவிட்ட அவர்களுடைய கணவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். தோட்டம் மனைவியின் பெயரில் இருக்கும். பசுந்தேயிலைக்கான பணம் மாதந்தோறும் அவருடைய கணக்கில் வந்து விழும். கொழுந்து பறிப்பவர்களுக்குக் கூலி கொடுக்கவும் உரம் வாங்கவும் கணவர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போவார். ஒரே வீட்டில் இருக்கும்வரை இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மனைவி புறப்படும் நாளில் அட்டையும், ரகசிய எண்ணும், ஓடிபி வரும் சிம்மும் கணவரிடமே தங்கிவிடுகின்றன.

வாய்மொழியாக அனுமதித்திருந்தாலும் அது வங்கி விதிகளுக்குப் புறம்பானது. பெங்களூருவில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், 25,000 ரூபாய் எடுத்து வரும்படி கணவரிடம் அட்டையையும் எண்ணையும் கொடுத்தார். இயந்திரம் பணத்தைத் தராமலேயே கணக்கில் கழித்துவிட்டது. ரகசிய எண்ணைப் பிறரிடம் சொன்னது விதிமீறல் என்று கூறி, 2018-இல் நுகர்வோர் மன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. கணவரும் வங்கியின் கண்ணில் பிறர்தான்.

அனுமதியே இல்லாமல் எடுப்பது இதைவிடப் பெரிய விஷயம். இன்னொருவரின் கடவுச்சொல்லை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தப் பிரிவு கணவருக்கோ மனைவிக்கோ விலக்கு எதுவும் தரவில்லை. காசோலையில் மனைவியின் கையெழுத்தைத் தாமே போட்டுப் பணம் எடுப்பது, வீட்டுச் செலவுக்காகவே என்றாலும், போலி ஆவண வழக்கில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

இங்கிலாந்திலும் இதே நிலைதான். இரவுப் பணி முடித்து உறங்கும் மனைவியின் விரலை அலைபேசியில் வைத்துத் திறந்து, அவருடைய சம்பளத்தைத் தம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் கணவர், குடும்பச் சண்டை என்ற எல்லையைத் தாண்டிவிட்டார். 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. வாழ்க்கைத் துணையின் உடைமையைத் திருடியதாக ஒருவர்மேல் வழக்குத் தொடர அரசு வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநரின் இசைவு வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துணையின் பணத்தைக் கட்டுப்படுத்தி வைப்பதையும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப வன்முறையின் வடிவமாகவே கருதுகிறது. உங்களுக்கு இது நடந்துகொண்டிருந்தால், வெட்கப்படாமல் முதலில் வங்கியை அழைத்துக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஊர்க் கணக்கை முறைப்படுத்துவது கடினமே இல்லை. வேலைக்காக வெளிநாடு வந்தவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் தம் இந்திய வருமானத்தை வைத்திருக்கும் கணக்காக, மாற்றியாக வேண்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதைக் கேட்கிறது. அப்போதே கணவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம்; ஆனால் உங்கள் காலத்தில் கூலி, உரம், வரி போன்ற உள்நாட்டுச் செலவுகளுக்கு அவர் பணம் எடுக்க, அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்ததை ரூபாயில் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்காக இருந்தால், அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உங்கள் சார்பில் பிறருக்கு அன்பளிப்புக் கொடுக்கக்கூட அவரால் முடியாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

கிளம்பும் முன் செய்யத் தவறியவர்கள் இந்தியத் தூதரகத்தில் பத்திரத்துக்குச் சான்று பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பத்திரம் வங்கியில் பதிவானதும் பழைய அட்டையை முடக்கச் சொல்லிவிட்டு, ஓடிபி எண்ணை உங்கள் கையில் உள்ள அலைபேசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.