பீடி சுற்றும் அம்மாவுக்கு இடுப்புவலி: ஆஸ்டியோபதி முன்கூட்டியே தடுக்குமா?

முக்கூடல்காரி: அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டு, குனிந்த கழுத்து, காலை முதல் ராத்திரி வரை. மாதம் ஒருதரம் ஆஸ்டியோபதிக்காரரிடம் (மூட்டையும் தசையையும் கையால் அழுத்தி, நீவிச் சரிசெய்கிறவர்) காட்டினால் வலி முற்றாது என்று அண்ணன் சொல்கிறான். போகலாமா?

பேட்டை லோடுமேன்: தாராளமாப் போங்க. மூட்டை தூக்கி எனக்கு இடுப்பு போயிருந்தது. நான் போன ஆஸ்டியோபதிக்காரர் இடுப்பைத் தொடுவதற்கு முன்னால் அரைமணி நேரம் கேள்விதான் கேட்டார், எந்தக் காலில் சாய்ந்து நிற்கிறேன் என்று பார்த்தார், கடைசியில் பழைய கணுக்கால் சுளுக்கில் போய் நின்றது. மூட்டும் தசையும் ஒன்றையொன்று இழுக்கும் என்று இந்த வைத்தியத்தைத் தொடங்கிய ஸ்டில் என்ற அமெரிக்க டாக்டர் 1874-லேயே சொல்லிவிட்டார்.

ஜங்ஷன் வாத்தியார்: அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர் முழு டாக்டர், ஆபரேஷனே செய்யலாம். இங்கிலாந்தில் 1993 சட்டப்படி பதிவு இல்லாமல் அந்தப் பெயரில் போர்டு மாட்ட முடியாது. உங்க ஆள் என்ன படித்திருக்கிறார், கேட்டீங்களா? நாள்பட்ட இடுப்புவலிக்குக் கையால் செய்கிற சிகிச்சையையும் ஒரு வழியாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஏற்றது, சரி. ஆனால் அது வலி வந்தவர்களுக்கு. வராமல் தடுப்பதில் உடற்பயிற்சிதான் முன்னால் நிற்கிறது, இடுப்பு பெல்ட்டால் பலனில்லை என்று 2016-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது.

பேட்டை லோடுமேன்: அப்போ பாளையங்கோட்டை சித்தா காலேஜில் தொக்கணம் (உடம்பைப் பிடித்து நீவிவிடுவது), வர்மம் என்று கை வைத்தியம் படிப்பதெல்லாம் சும்மாவா அண்ணாச்சி? மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்கு, திரும்பணும்னா காலோடு திரும்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த ஆஸ்டியோபதிக்காரர்தான்.

ஜங்ஷன் வாத்தியார்: அதைத்தானே நானும் சொல்லுதேன்! சொடக்கு எடுத்ததில் வலி போச்சா, தூக்குற விதம் மாறியதில் போச்சா?

பத்தமடை மருமகள்: சண்டை இருக்கட்டும். வயசான அம்மா, எலும்பு தேய்ந்திருக்கலாம், கழுத்தைச் சட்டென்று திருப்ப யாரையும் விடாதீங்க. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான். எங்க அத்தை கோரைப்பாய் நெய்கிறவங்க, நடுநடுவே எழுந்து நாலு நடை நடக்க ஆரம்பித்த பிறகுதான் ராத்திரி தூக்கமே வந்தது.

முக்கூடல்காரி: அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எந்திச்சு நடந்தா எண்ணிக்கை யாரு முடிப்பா? எண்ணிக்கைக்குத்தான கூலி" என்கிறாள். நாலு கட்டுக்கு ஒருதரம் எழுந்திரு, அந்தக் கட்டை நான் சுற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் சுற்றினால் கடையில் பாதி கழிவாகிவிடும், அது வேற கதை.