தாத்தாவின் எட்டு முழ வேட்டி: கஞ்சி, கட்டு, பாதுகாப்பு

கேள்வி: தாத்தாவின் எட்டு முழ காட்டன் வேட்டிக்குக் கஞ்சி போட்டால் வெள்ளைத் திட்டு விழுகிறது. மண்டபப் புழுக்கத்தில் இடுப்பிலும் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

மயிலாப்பூர்வாசி: கஞ்சி கட்டி தட்டியிருக்கும். ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மேலும் இரண்டு லிட்டர் தண்ணீர் சேருங்கள். அலசிப் பிழிந்த ஈர வேட்டியைத்தான் முக்க வேண்டும். காய்ந்த துணி ஓரிடத்தில் அதிகமாக உறிஞ்சிவிடும். நன்றாக உதறி, கரையை இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள். லேசான ஈரத்திலேயே இஸ்திரி.

கரைவேட்டி: நழுவக் காரணம் இடுப்புப் பக்க விறைப்பு. அங்கே கஞ்சி குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். இரட்டையாக மடித்து, தொப்புள் மட்டத்தில் இறுக்கிச் சுற்றி, நுனியைச் செருகி, மேல்விளிம்பை இரண்டு சுருட்டு சுருட்டுங்கள். வயிற்றை எக்கிக் கட்டினால் மூச்சு விட்டதும் தளரும். ஒட்டிக்கொள்ளும் வேட்டி? அவசரத்துக்கு ஓகே, அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டை: கஞ்சியோடு பீரோவில் வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சி அரிக்கும். ஜரிகைக் கரையில் நாப்தலின் உருண்டை பட்டால் கறுக்கும். மடிப்பையும் அவ்வப்போது மாற்றுங்கள்; ஒரே இடத்தில் மடிந்தால் ஜரிகை முறியும்.