5 லட்சம் இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு இன்ட்ராடேவில் இறங்கலாமா?

கேள்வி: தனலாபம்_27

ஷேர் மார்க்கெட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சார்ட் பார்க்கவும் ஸ்டாப் லாஸ் (விலை ஒரு அளவுக்கு இறங்கினால் விற்று வெளியேறும் ஆர்டர்) போடவும் தெரியும். கையில் 5 லட்சம் இருக்கிறது, வீட்டுச் செலவு மாதம் 30,000. தினமும் 5 இன்ட்ராடே டிரேடு (வாங்கியதை அன்றே விற்பது) என்று இதையே தொழிலாக எடுத்துச் செய்யலாமா? என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: கான்ட்ராக்ட்_நோட்

தம்பி, முதலில் ஒரு டிரேடுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கூட்டிப் பாருங்கள். 1 லட்சத்துக்கு வாங்கி அன்றே விற்றால், ஆர்டருக்கு 20 ரூபாய் என்ற கணக்கில் புரோக்கரேஜ் 40. விற்கும்போது எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.025%, அது 25 ரூபாய். ஸ்டாம்ப் டூட்டி 3, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சுமார் 6, ஜிஎஸ்டி சுமார் 8. ஆக 82 ரூபாய். தினம் 5 டிரேடு, மாதம் 20 நாள் என்றால் 8,200 போய்விடும், லாபம் வந்தாலும் வராவிட்டாலும்.

வீட்டுக்கு 30,000 எடுக்க வேண்டுமென்றால் சந்தையிலிருந்து 38,200 வர வேண்டும். 5 லட்சத்தில் அது மாதம் 7.6%. இதை ஒரு மாதமும் தவறாமல் எடுக்கிற ஆள் மிக மிகக் குறைவு. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-ல் கேஷ் மார்க்கெட்டில் (பங்கையே நேரடியாக வாங்கி விற்கும் சந்தை) இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-க்கு 7 பேர் நட்டப்பட்டார்கள். வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் போட்டவர்களில் அது 80%. உங்கள் திட்டப்படி வருடம் 1,200 டிரேடு வருகிறது.

பதில்: சிவப்புக்_கேண்டில்

ஸ்டாப் லாஸ் போடத் தெரியும் என்கிறீர்கள், அது எங்கே கைவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டிரேடில் மூலதனத்தின் 1%, அதாவது 5,000-க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 800-க்கு வாங்கி 784-ல் ஸ்டாப் வைத்தால், பங்குக்கு 16 ரூபாய் ரிஸ்க். 5,000-ஐ 16-ஆல் வகுத்தால் 312 பங்கு. அதற்கு மேல் ஒரு பங்கும் வேண்டாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எவ்வளவு மார்ஜின் (கையிலிருக்கும் பணத்துக்கு மேல் வாங்க புரோக்கர் விடும் அளவு) கிடைக்கிறதோ அவ்வளவும் வாங்கிவிட்டு, பிறகுதான் ஸ்டாப்பை யோசிக்கிறார்கள். 5 மடங்கு மார்ஜினில் 25 லட்சத்துக்கு எடுத்தால், விலை 1% எதிராகப் போனாலே 25,000 போச்சு.

அடுத்தது ஆர்டர் வகை. டிரிகர் 784 (இதைத் தொட்டதும் ஆர்டர் கிளம்பும்), லிமிட் 783.50 (இதற்குக் கீழே விற்காது) என்று போட்டிருக்கிறீர்கள், விலை ஒரே தாவலில் 781-க்கு இறங்கினால் ஆர்டர் விற்காமல் அப்படியே நிற்கும். மார்க்கெட் ஆர்டராகப் போட்டால் விற்றுவிடும், ஆனால் என்ன விலைக்கு என்று சொல்ல முடியாது. டெலிவரியாக எடுத்து இரவைத் தாண்டினால் இன்னொரு ஆபத்து: காலை 9:15-க்கு 760-ல் திறந்தால், 5,000 என்று கணக்குப் போட்ட நட்டம் 12,480 ஆகிவிடும். விற்றுவிட்டுப் பிறகு வாங்கும் ஷார்ட் டிரேடில் பங்கு அப்பர் சர்க்யூட் (அன்றைய உச்ச விலை வரம்பு) போனால், நீங்கள் திரும்ப வாங்க, விற்கிற ஆளே கிடைக்காது. அது ஆக்‌ஷனுக்குப் போகும், அந்த ஏலத்தின் விலை வித்தியாசம் உங்கள் தலையில்தான். வால்யூம் குறைந்த சின்னப் பங்குகளில் ஷார்ட் பக்கமே போகாதீர்கள்.

பதில்: ஆடிட்டர்_தெரு

வரிப் பக்கம் யாரும் சொல்லவில்லையே. இன்ட்ராடே லாபம் ஸ்பெகுலேடிவ் (ஊக வணிக) தொழில் வருமானம், உங்கள் ஸ்லாப் படி வரி. ஐடிஆர்-3 படிவத்தில் வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டும். இந்த நட்டத்தைச் சம்பளத்திலோ எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) லாபத்திலோ கழிக்க முடியாது, இன்னொரு ஸ்பெகுலேடிவ் லாபத்தில் மட்டும்தான். 4 வருடம் வரை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்தான். நட்டம்தானே என்று ரிட்டர்ன் போடாமல் விடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற தவறு.

வேலையை விட்டால் பி.எஃப். நின்றுவிடும், கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸும் போய்விடும். குடும்பத்துக்குச் சொந்த பாலிசி எடுத்து, அதன் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கிய பிறகே ராஜினாமாவை யோசியுங்கள்.

கேள்வி: தனலாபம்_27

அப்படியானால் எவ்வளவு இருந்தால் தொடங்கலாம்?

பதில்: சிவப்புக்_கேண்டில்

தொகையை விடப் பிரிப்புதான் முக்கியம். 12 மாத வீட்டுச் செலவு, அதாவது 3.6 லட்சம், தனி பேங்க் கணக்கில் இருக்க வேண்டும், டிரேடிங் கணக்கோடு இணைக்காமல். காரணம் இதுதான்: 45% டிரேடில் ஜெயிக்கிறவருக்கும் 100 டிரேடுக்குள் தொடர்ந்து 6 நட்டம் வருவது சகஜம். 6 தடவை 5,000 என்றால் 30,000, உங்கள் ஒரு மாத வீட்டுச் செலவு. அந்த மாதம் வாடகையும் அதே கணக்கிலிருந்து போனால், அடுத்த டிரேடில் அளவைக் கூட்டத்தான் கை போகும். கணக்கு காலியாவது பெரும்பாலும் அங்கேதான்.

வேலையில் இருந்துகொண்டே, 10 பங்கு அளவில், உண்மைப் பணத்தில் 100 டிரேடு போடுங்கள். பேப்பர் டிரேடிங்கில் (பணம் போடாமல் செய்யும் ஒத்திகை) நீங்கள் போட்ட விலைக்கே ஆர்டர் நிறைவேறிவிடும், நிஜத்தில் அப்படி இல்லை. எழுத வேண்டியது: வாங்கிய விலை, திட்டமிட்ட ஸ்டாப், உண்மையில் வெளியேறிய விலை, கட்டணம். ஸ்டாப்புக்கும் வெளியேறிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே கூட்டுங்கள். 10 பங்கில் புரோக்கரேஜ் விகிதம் வேறாக வரும், அதனால் கட்டணத்தை மட்டும் 312 பங்குக்குக் கணக்கிட்டுக் கழியுங்கள். 100 முடிந்ததும் அந்த ஷீட்டை இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்ப்போம்.