மேன்பவரில் (கம்பனிகளுக்கு ஆள் விடும் குத்தகைக்காரர் மூலம்) வேலை செய்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சீனக்குடாப் பொடியன்:
மேன்பவர் எப்படி நடக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை அடுக்கினோம். அடுக்குச் சரிந்து என்னோடு நின்ற கிண்ணியாத் தம்பியின் காலில் விழுந்தது. ஓட்டோ வந்துவிட்டது. தூக்கப் போனால் சுப்பவைசர், "கொஞ்சம் பொறுங்கோ" என்று குனிந்து, அவன் போட்டிருந்த ஜாக்கெட்டின் சிப்பை இழுத்தார். முதுகில் கம்பனிப் பெயர் இருந்தது, அதுதான் விஷயம். கையை உருவும்போது அவன் "சேர், கால்... கால்" என்று கத்தினான். உருவி முடித்துத்தான் ஏற்றவிட்டார். ஆஸ்பத்திரியில் வீட்டில் விழுந்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஜாக்கெட்டை அடுத்த நாள் வேறொருவன் போட்டிருந்தான்.

உப்புவெளி அக்கா:
தம்பி, சுப்பவைசரில் கோபப்பட்டு என்ன பயன்? அந்த மனுசனும் மேன்பவராகத்தான் இருப்பார். மேலே இருந்து சொல்லாமல் செய்திருக்கமாட்டார். நான் கார்மண்டில் (ஆடைத் தொழிற்சாலையில்) இருந்தபோது சம்பளத் துண்டில் மாதாமாதம் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8 வீதம் வெட்டினார்கள். தொழில் திணைக்களத்தில் இருந்த பிள்ளை கம்பியூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினா. என் பெயர் இருந்தது, காசு வரவில்லை. வெட்டிய காசையே கட்டாதவன் தன் பங்கு 12 வீதத்தைக் கட்டுவானா?

மூதூர் நானா:
அக்கா, மேலே இருந்து சொன்னாலும் கழற்றியது அவருடைய கை. அதை நான் விடமாட்டேன். கல் உடைக்கும் இடத்தில் என் விரல் நசுங்கியபோது முதலாளி துண்டால் சுற்றி, "பஸ்ஸில போ" என்றார். அவ்வளவுதான் என் கதை.

தம்பி, கால் அடிபட்ட அந்தக் கிண்ணியாப் பிள்ளையைக் கண்டால் சொல்லுங்கள். மேன்பவர் என்றால் உரிமை இல்லை என்று பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலேயே வந்தது. குத்தகைக்காரர் மூலம் ஆள் எடுத்தாலும், தன் தொழிலுக்கான வேலை என்றால் கம்பனியும் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்க வேண்டாம். வேலையில்தான் நடந்தது என்று கூட நின்றவர்கள் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், நீங்களும்தான். சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே சேர வேண்டும், தற்காலிக ஆளுக்கும்தான். ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதமும் முதலாளியின் காசு, அதைச் சம்பளத்தில் வெட்டவே கூடாது. அக்கா, நீங்கள் அந்தச் சம்பளத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து முறைப்பாட்டோடு கொடுங்கள், இலக்கம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சீனக்குடாப் பொடியன்:
நானா, கையெழுத்து நான் வைக்கிறேன். கூட நின்ற மற்றவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள்.