தியேபோலோவின் எட்சிங்குகளில் இந்தக் கிழவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி:
ஜம்பத்திஸ்தா தியேபோலோவின் 'ஸ்கெர்ட்சி தி ஃபான்டசியா' (கற்பனை விளையாட்டுகள்) என்ற எட்சிங் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்சிங் என்றால் செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படம். 18-ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர். தலைப்பாகை கட்டிய தாடிக் கிழவர்கள், அரைகுறை ஆடையில் இளைஞர்கள், மண்டையோடு, சுற்றிலும் உடைந்த சிற்பக் கற்கள். ஒரு படத்தில் ஆறு பேர் ஒரு பாம்பையே உற்றுப் பார்க்கிறார்கள். இது என்ன கதை? பைபிளா, கிரேக்கப் புராணமா?

பதில் 1:
மாந்திரீகம்தான். பாம்பு என்றால் காலம், இடிபாடு என்றால் நிலையாமை.

பதில் 2:
அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். படங்களுக்கு இப்போது வழங்கும் பெயர்கள் பின்னால் பட்டியல் போட்டவர்கள் வைத்தவை. தியேபோலோ இந்த வரிசையை வெளியிடவே இல்லை. 1770-இல் அவர் மத்ரித்தில் இறந்த பிறகு மகன் தோமெனிகோதான் வெளியிட்டார். முகப்புப் படத்தில் ஆந்தைகளுக்கு நடுவே பெரிய கற்பலகை ஒன்று இருக்கும், பாருங்கள். அதிலுள்ள தலைப்பு பிறகு சேர்த்தது. அப்பா அந்தக் கல்லை வெறுமையாகவே விட்டிருந்தார். எனக்கு அதுதான் பிடிக்கும்.

நான் செப்புத் தகட்டில் வேலை செய்கிறவன், அதனால் கதைக்கு முன்னால் கோடுதான் கண்ணில் படும். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் காகிதத்தில் கோடாக வரும். செம்பைத் தோண்ட வேண்டியதில்லை, ஊசி பேனா போல ஓடும். தியேபோலோவின் கோடுகள் குட்டையானவை, கொஞ்சம் நடுங்குபவை. குறுக்குக் கோடு அடித்து இருட்டாக்கும் பழக்கம் அவருக்குக் குறைவு. கிழவரின் அங்கியில் பாதி வெறும் காகிதம். வெயில் அங்கேதான் இருக்கிறது. மண்டையோடும் பாம்புமாக இருக்கிற படத்தில் இப்படி நடுப்பகல் வெளிச்சம்! எந்த மந்திரவாதி இந்த நேரத்தில் வேலைக்கு வருவான்?

கேட்டவர்:
அப்படியென்றால் அர்த்தமே கிடையாதா?

பதில் 2:
அப்படிச் சொல்லவில்லை. ஒரே கதை கிடையாது என்கிறேன். தாடிக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்களான ரெம்பிராண்ட், காஸ்திலியோனே இருவரின் எட்சிங்குகளில் ஏற்கெனவே உலவிய ஆசாமிகள். இதே வரிசையில் புல்சினெல்லாவின் கல்லறையைக் கண்டுபிடிக்கிற தகடு ஒன்று உண்டு. புல்சினெல்லா யார்? கொக்கி மூக்கு நாடகக் கோமாளி! அப்புறம் தியேபோலோவின் இன்னொரு வரிசையான 'கப்ரிச்சி' என்ற 10 தகடுகளையும் தேடிப் பாருங்கள். அதில் மரணம் எலும்புக்கூடாக உட்கார்ந்து தர்பார் நடத்துகிறது. அங்கேயும் நல்ல வெயில்.