வெளிநாட்டு மரத்தை வாங்கலாமா, கூடாதா? நெல்லைச் சீமையில் ஒரு விவாதம்

செங்கோட்டை மரக்கடைக்காரர்:
வீடு கட்டுவோரிடையே இப்போது ஒரு கோரிக்கை சுற்றி வருகிறது. வெப்பமண்டலக் காடுகள் அழிவதால் இறக்குமதி மரத்தை அடியோடு தவிர்த்து, நிலை, கதவு, ஜன்னல் அனைத்தையும் இரும்பிலும் யுபிவிசி பிளாஸ்டிக்கிலும் செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தூத்துக்குடியில் இறங்கும் உருட்டு மரத் தடிகளை வாங்கி அறுத்து விற்பது என் தொழில் என்பதால், எனக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆயினும் என் வாதத்தை அதன் தகுதியைக் கொண்டு எடைபோடுங்கள்.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, உலகக் காடழிப்பில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு வேளாண் நிலமும் மேய்ச்சல் நிலமும் விரிவதே காரணம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையே இதற்குச் சான்று. பம்பாய் பர்மா கம்பெனி 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது தேயிலை பயிரிடுவதற்காகத்தான். மரத்துக்கு விலை இல்லாத காட்டை அந்தந்த நாட்டு மக்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டமாகவோ மாட்டுப் பண்ணையாகவோ மாற்றிவிடுவார்கள். 2015இல் உலக நாடுகள் ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் 15ஆவது இலக்கும் எல்லா வகைக் காடுகளையும் நிலைத்த முறையில் மேலாண்மை செய்யவே கோருகிறது; பூட்டி வைக்கச் சொல்லவில்லை. கதவாக நிற்கும் மரம் தான் உள்வாங்கிய கரிமத்தை அது உளுத்துப்போகும் வரை வைத்திருக்கும். இரும்புக்கு நிலக்கரி எரிய வேண்டும்; யுபிவிசிக்குப் பெட்ரோலியம் மூலப்பொருளாக வேண்டும்.

அம்பை ஆசிரியை:
அண்ணாச்சி, நீங்கள் சொன்ன 90 சதவீதக் கணக்கு சரியானதே. ஆனால் தோட்டம் போடுகிறவன் காட்டுக்குள் எந்த வழியாகப் போகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும், விலையுயர்ந்த நாலைந்து மரங்களை வெட்டி இழுப்பதற்காக லாரிக்குப் போட்ட பாதை வழியாகத்தான் போகிறான். மரம் எடுத்தவர் போன பின்பும் பாதை அங்கேயே கிடக்கிறது. வெட்டு முதலில், உழவு பின்னால் என்று வரும்போது, கணக்கில் உழவு மட்டுமே பதிவாகிறது.

முறைப்படி வெட்டினால் காடு நிலைக்கும் என்ற நம்பிக்கைக்குப் பர்மாவை விடப் பெரிய சோதனைக்களம் இல்லை. 1856இல் ஜெர்மன் வனவியலாளர் பிராண்டிஸ் அங்கே வந்த பிறகு உருவான முறை உண்மையிலேயே நல்ல முறை. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் வெட்டினால் மீண்டும் அங்கே 30 ஆண்டுகள் கழித்தே வர வேண்டும். குறித்த சுற்றளவுக்கு மேற்பட்ட தேக்கின் பட்டையை மட்டும் வளையமாக வெட்டி, நின்றபடியே உலரவிட்டு, பிறகு சாய்த்து, யானையைக் கொண்டு இழுத்து, ஆற்றில் மிதக்கவிட வேண்டும். நூறாண்டுக்கு மேல் ஏட்டில் இருந்த அந்த முறையை, அந்நியச் செலாவணி தேவைப்பட்ட அரசுகள் வரம்பு மீறிய வெட்டினால் சிதைத்தன. 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியையே அந்த நாடு தடைசெய்ய நேர்ந்தது.

உலக வாக்குறுதிகளும் அப்படியே. யோகோஹாமாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல மர அமைப்பு, ஏற்றுமதியாகும் மரம் முழுவதும் நிலைத்த முறையில் பராமரிக்கப்படும் காடுகளிலிருந்தே வர வேண்டும் என்று 2000ஆம் ஆண்டைக் குறித்தது. பிறகு வந்த வளர்ச்சி இலக்கு காடழிப்பை நிறுத்த 2020ஐக் குறித்தது. இரண்டு கெடுவும் கடந்துவிட்டன.

நம் மலையைக் காத்தது என்ன? 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனதும், 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டு வெட்டை நிறுத்தியதுமே காத்தன. பொருநை எனும் தாமிரபரணி கோடையிலும் ஓடுவதற்கு அந்தச் சோலைகளே ஆதாரம். நம் மலையில் கோடாரி படக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, அடுத்தவர் மலையில் வெட்டியதைக் கப்பலில் வரவழைப்பது எந்த வகையில் நியாயம்?

கல்லிடைக்குறிச்சி ஆசாரி:
இருவரும் பெரிய விஷயங்களைப் பேசுகிறீர்கள். நான் இழைப்பு மேசையிலிருந்து ஒன்று சொல்கிறேன். மில்லில் வந்து இறங்கும் தடியின் தலையில் சுத்தியல் முத்திரை இருக்கும். சிவப்புப் பெயின்டில் எண் இருக்கும். சில தடிகளில் பிளாஸ்டிக் வில்லையும் ஆணியால் அறைந்திருக்கும். அந்தத் தடி எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சி அவ்வளவுதான். ரம்பத்தில் ஏற்றித் தலையை ஓர் அங்குலம் நறுக்கிச் சதுரப்படுத்தும்போது முத்திரையும் எண்ணும் வில்லையும் மரத்தூளோடு போய்விடுகின்றன. என்னிடம் வரும் பலகைக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. காட்டைக் காத்து வெட்டிய மரமா, திருட்டு மரமா என்று வீட்டுக்காரர் கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

ஆனால் பலகை முழு ஊமையும் அல்ல. தேக்கின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் நெருங்கியிருந்தால் அது பெரும்பாலும் காட்டில் மெதுவாக வளர்ந்தது. விரல் கனத்துக்கு ஒரு வளையமாக அகன்று, வைரம் (கெட்டியான நடுமரம்) குறைந்து, வெள்ளை (மென்மையான வெளிமரம்) மிகுந்திருந்தால் தோட்டத்தில் வேகமாக வளர்ந்தது. ஈக்வடார், கோஸ்டா ரிக்கா, கானா தேக்கெல்லாம் இந்த இரண்டாம் வகை. அந்த நாடுகளில் தேக்கு இயற்கையாக வளர்வதில்லை, நட்டு வளர்த்தது மட்டுமே. பிங்காடோ, ஆப்பிரிக்கப் படாக்கு ஆகிய மரங்கள் அப்படி அல்ல. அவை இயற்கைக் காட்டிலிருந்து வருபவை. எல்லாவற்றையும் ‘இறக்குமதி மரம்’ என்று ஒரே கட்டாகக் கட்டுவதால்தான் இந்த விவாதம் நகராமல் நிற்கிறது.

கடையம் விவசாயி:
ஆசாரி அண்ணாச்சி சொன்னது நல்ல பிரிவினை. நான் மூன்றாவது வழியைச் சொல்கிறேன். 1988 தேசிய வனக் கொள்கையே மரத் தொழில்களுக்கான மூலப்பொருளை உழவரிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. எங்கள் பக்கம் வரப்பில் தேக்கும், தண்ணீர் குறைந்த நிலத்தில் மலைவேம்பும் குமிழும் வளர்க்கிறோம். மலைவேம்பு ஒட்டுப்பலகைக்கு ஆறேழு ஆண்டுகளில் போகும். தேக்குக்கு இருபது ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்துவிட்டால் மரத்தைப் பிஞ்சிலேயே வெட்டிக் கொடுக்க வேண்டியதுதான். வெட்டுவதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், ஏற்றிச் செல்ல வனத்துறையின் அனுமதிச் சீட்டும் வாங்கி அலைவதற்குள், வாசலுக்கே வரும் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று மனம் விட்டுப்போகிறது. சொந்த நிலத்தில் நட்டவனுக்கு இத்தனை தாள். கப்பலில் வரும் தடி எந்தக் காட்டில் வெட்டப்பட்டது என்று கேட்க ஒரு தாளும் இல்லை.

செங்கோட்டை மரக்கடைக்காரர்:
தாளே இல்லை என்பது முழு உண்மை ஆகாது. பூச்சி இல்லை என்ற தாவர நலச் சான்றும், எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்றும் கண்டெய்னரோடு வருகின்றன. ஆப்பிரிக்கப் படாக்கு 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், ஏற்றுமதி அனுமதி இல்லாமல் இப்போது வரக்கூடாது. ஆனால், சட்டப்படி வெட்டிய மரம்தானா என்று இறக்குமதி செய்பவரையே பொறுப்பாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2008 முதலும் ஐரோப்பாவில் 2013 முதலும் இருக்கிறது. இங்கே அப்படித் தனிச்சட்டம் இல்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஆசிரியை அம்மாவுக்கு ஒரு மறுப்பு. காபோன் நாடு 2010இல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்து, அறுவையையும் வெனீர் எனும் மெல்லிய மரத்தாள் உரிப்பையும் தன் மண்ணிலேயே நடத்தச் சொன்னது. மரங்களைப் பிணைக்கும் கொடியை முன்கூட்டியே அறுத்து, சாயும் திசையைக் குறித்து, இழுக்கும் தடத்தைத் திட்டமிட்டு வெட்டும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 88 சதவீதம் இன்றும் காடுதான். வேலையும் கிடைத்தது, காடும் நிற்கிறது. நாளை நாம் எல்லோரும் வாங்க மறுத்தால் அந்தத் தொழிலாளி எங்கே போவார்?

அம்பை ஆசிரியை:
காபோனில் மக்கள்தொகை மிகக் குறைவு. அரசுக்கு எண்ணெய் வருமானமும் உண்டு. உழுது பிழைக்க வேண்டிய நெருக்கடி இல்லாததால் காடு நிற்கிறது. அந்தப் பெருமையை முழுவதும் மர வணிகத்துக்குக் கொடுக்க முடியாது. எனினும், தொழிலாளியின் கேள்வி நியாயமான கேள்வி. அதனால்தான் நானும் தோட்டத் தேக்கை மறுக்கவில்லை. அந்தத் தோட்டமே இயற்கைக் காட்டை அழித்துப் போட்டதாக இருக்கக்கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இயற்கைக் காட்டு மரத்தைப் பொறுத்தவரை, பலகை வரை தொடரும் சான்று வரும்வரை வாங்கக்கூடாது என்பதே என் நிலை.

செங்கோட்டை மரக்கடைக்காரர்:
பலகை வரை தொடர வைப்பது முடியாத காரியம் அல்ல. எங்கள் மில்லில் தடி வரவுப் பதிவேடு இருக்கிறது. தலையை நறுக்கும் முன் தடியின் எண்ணைப் பதிந்து, அதே எண்ணை அதிலிருந்து வரும் மரச்சட்டங்களின் முனையில் சுண்ணக்கட்டியால் எழுதி, பில்லில் மரத்தின் பெயரோடு நாட்டையும் ‘தோட்டம்’ அல்லது ‘காடு’ என்பதையும் சேர்த்தால், ஆசாரியிடம் கேட்கும் வீட்டுக்காரருக்குப் பதில் இருக்கும். 2023 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய காடு, மரச் சான்றிதழ்த் திட்டமும் இப்படிப்பட்ட தொடர் பதிவைத்தான் கேட்கிறது. கூடுதலாக ஓர் ஆள் வேண்டும். கன அடி விலையில் அது சற்று ஏறும். வாடிக்கையாளர் அதைக் கொடுப்பாரா என்பதுதான் எனக்குள்ள ஐயம்.

கடையம் விவசாயி:
அதே பதிவேட்டில் ‘கடையம், வரப்புத் தேக்கு’ என்றும் ஒரு வரி வரட்டும் அண்ணாச்சி. வெளிநாட்டுத் தோட்டத் தேக்குக்குக் கொடுக்கும் விலையை அதே வயதுள்ள எங்கள் தேக்குக்கும் கொடுங்கள். பிஞ்சில் வெட்டாமல் நிறுத்திவைக்க எங்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

செங்கோட்டை மரக்கடைக்காரர்:
வைரம் பார்த்து விலை போடுகிறேன். ஒவ்வொரு தடியின் தலையிலிருந்தும் ஒரு வட்டத் துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள்; ஆசாரி அண்ணாச்சியையும் அழைத்து வாருங்கள்.